தற்காப்புக்கு ஒரு தோட்டா

அத்தியாயம் 9

"எனக்கு நியாயம் வேண்டாம் சார். நியாயத்தைத்தான் அவங்க ஏற்கெனவே எழுதி முடிச்சுட்டாங்களே! எனக்கு அந்தக் கண்ணாடிக்காரன் கம்பி எண்ணணும். அதைப் பார்க்காம என் கண் மூடாது."

சொன்னவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசி இருக்கையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல். டியூட்டி முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவரை ஊரே கொக்கு என்று அழைத்தது. நீளமான கழுத்து ஒரு காரணம். மீன் வரும்வரை அசையாத பொறுமை இன்னொரு காரணம். பழைய வக்கீல். வாதாடுவதைவிடத் துருவுவது பிடித்துப்போய், கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறிய வந்தவர்.

ஜன்னலோரம் நின்றிருந்த அவருடைய உதவியாளரின் பெயர் பட்டாசு. இவளுக்குத் திரிகூடத் தேவையில்லை, தானே வெடிப்பாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க டிரைவரம்மா," என்றார் கொக்கு.

அவள் சொன்னாள். அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அவன் பராமரித்த ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு பள்ளிக்கூடச் சிறுமி செத்துப்போனாள். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். கட்டடமோ அந்தக் கண்ணாடிக்காரருடைய அண்ணனுக்குச் சொந்தம். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். மெக்கானிக்கின் அலட்சியம்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். ஆதாரம் இல்லை என்று கோர்ட் அவனை விடுதலை செய்தது.

அதற்குப் பிறகு ஒரு மழை நாள். கடைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்காரரின் வீட்டுக்குள் மெக்கானிக் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தான், கையில் பெரிய ஸ்பேனரோடு. 'என்னைக் கொல்ல வந்தான், சுட்டேன்' என்றார் கண்ணாடிக்காரர். துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருந்தது. போலீஸ் 'தற்காப்பு' என்று எழுதி மூடிவிட்டது.

"அவர் பக்கம்தான் கோபத்துக்குக் காரணம் இருக்கு," என்றாள் பட்டாசு. "விடுதலை ஆன உங்க தம்பி எதுக்குங்க அவரைக் கொல்லப் போகணும்?"

"அதைத்தானம்மா நானும் கேட்டேன். 'கேஸ் போட்ட ஆத்திரம்'னு சொல்லிட்டாங்க. என் தம்பி கொசு அடிக்கவே யோசிப்பான்."

"உடம்பை அடையாளம் காட்டினது நீங்கதானே?" என்று கேட்டார் கொக்கு. "எப்படி இருந்தான்?"

டிரைவரம்மாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "நெஞ்சுல மட்டும் ரத்தம். முடி காலையில சீவினபடியே இருந்துச்சு சார்."

கொக்கு அசையவில்லை. பட்டாசுவுக்குப் புரிந்துவிட்டது. மீன் வந்துவிட்டது.

"அன்னிக்கு மழைன்னு சொன்னீங்க."

"மழையா! வைப்பர் போட்டும் ரோடு தெரியலை. பாதி வழியில பஸ்ஸை ஓரம் கட்டினேன்."

"சீவின தலை கலையலைன்னா, குடை பிடிச்சுத்தான் போயிருக்கான்."

"ஆமா, நீலக் குடை. கைப்பிடி உடைஞ்சு சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி வெச்சிருப்பான். புதுசு வாங்குடான்னா, ரிப்பேர்காரன் வீட்டுல ரிப்பேர் ஆன சாமான்தான் இருக்கணும்னு சிரிப்பான்." சட்டென்று நிறுத்தினாள். "போலீஸ் அவன் பையைக் குடுத்தாங்க. செல்போன், வாட்ச் எல்லாம் குடுத்தாங்க. குடை வரலை சார்."

"கொலைவெறியில வர்ற ஆளு நனையாம வரணும்னு குடை பிடிச்சுட்டு வந்திருக்கான்," என்றாள் பட்டாசு. "ஜலதோஷம் பிடிச்சா கொலை பண்ணக் கை நடுங்குமோ என்னவோ!"

கொக்கு எழுந்தார். "வா பட்டாசு. அந்தக் குடையைத் தேடுவோம்."

* * *

கண்ணாடிக் கடையில் சாய்வு மரச் சட்டங்களில் ஆளுயரக் கண்ணாடிகள் அடுக்கியிருந்தன. மேஜைமேல் அளவுகோல், கண்ணாடி அறுக்கும் பேனா, அதை நனைத்துக்கொள்ள ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய். கண்ணாடிக்காரர் நிமிராமலே ஒரு கோடு இழுத்தார். 'கீச்'சென்று ஒரு சத்தம். ஓரத்தை விரலால் தட்டினார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது.

"செத்தவனோட அக்கா அனுப்பின ஆளா? வாங்க," என்றார். "எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லை. ஒரு பாவமும் பண்ணலை."

கடைக்குப் பின்னால் ஒரு குறுகிய நடை. அதன் முடிவில் வீட்டு வாசல் கதவு. உள்ளே கூடம். கூடத்து மூலையில் ஒரு சின்ன சைக்கிள். அதன்மேல் மட்டும் தூசி துடைக்கப்பட்டிருந்தது.

"என்ன நடந்துச்சு?"

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "திடீர்னு உள்ளே புகுந்தான். கையில ஆயுதம். மூணு தடவை எச்சரிச்சேன். பின்வாங்க இடம் இல்லை. என் உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா நம்பினேன். வேற வழியில்லாம, தேவையான அளவுக்கு மட்டும் பலத்தைப் பயன்படுத்தினேன்."

"எங்க வீட்டுல ஒரு தடவை திருடன் வந்தான்," என்றாள் பட்டாசு. "எங்கப்பா 'டேய் டேய் டேய்'னு மட்டும்தான் கத்தினார். 'நியாயமா நம்பறேன்'னு அவருக்கு வரவே இல்லை, பாவம்."

கண்ணாடிக்காரர் அவளை முறைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் கொக்கு. "சட்டம் இந்த விஷயத்துல தாராளம்தான். ஆயுதத்தோட பாயறவனைச் சுடலாம். உயிர் போயிடும்னு பயப்பட நியாயமான காரணம் இருந்தாப் போதும், நீங்க ஜெயிலுக்குப் போக வேண்டாம். ஆனா பாயறவன் நின்னுட்டா? ஆயுதத்தைக் கீழே போட்டுட்டா? திரும்பி ஓடினா? அந்த நொடியோட உங்க உரிமை முடிஞ்சுது. அதுக்கப்புறம் பாயற குண்டு தற்காப்பு இல்லை, பழி. அதே மாதிரி, ஆளை நாமளே வரவழைச்சு, அவன் வந்துட்டான்னு சுடவும் முடியாது."

"தெரியும்."

"எனக்கு இதெல்லாம் படிக்க அஞ்சு வருஷம் ஆச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்காரர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"பீரோவுல. பூட்டித்தான் வெச்சிருப்பேன். தோட்டா தனியா, சமையலறை மேல் அலமாரியில. லைசன்ஸ் குடுக்கும்போது அப்படித்தான் சொன்னாங்க."

பட்டாசு விரல் விட்டு எண்ணினாள். "அவன் திடீர்னு புகுந்தான். நீங்க பீரோ சாவி தேடினீங்க. அப்புறம் சமையலறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, தோட்டாவை எடுத்து, துப்பாக்கியில போட்டு… அதுவரைக்கும் அவன் ஸ்பேனரைத் தூக்கிப் பிடிச்சபடியே நின்னானா? கை வலிச்சிருக்குமேங்க!"

கண்ணாடிக்காரரின் கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. கொக்கு அவர் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல், "பட்டாசு, வாசல்ல பாரு," என்றார்.

வாசலுக்கு வெளியே, நடையோரம் ஒரு பித்தளைக் குடைத்தாங்கி. நான்கைந்து குடைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டியவள் ஒன்றை உருவி உள்ளே கொண்டுவந்தாள். நீலத் துணி. கைப்பிடியில் சிவப்பு டேப்.

"இது உங்க குடையா?"

கண்ணாடிக்காரர் கிட்டே வந்து பார்த்தார். "இல்லை. யாரோடது?"

"நீங்க சுட்ட ஆளோடது."



குடை மடிப்பு மடிப்பாக நீவிச் சுற்றி, நாடா இழுத்து, பட்டன் போட்டிருந்தது. பட்டாசு பட்டனை எடுத்துவிட்டு விரித்தாள். குப்பென்று பூஞ்சை நாற்றம். மடிப்புகளில் வெள்ளைப் பூசணம். கம்பிகளில் துரு.

"ஐயே! நனைஞ்ச குடையை எவனாவது இப்படிக் கட்டி வெப்பானா?"

"அதான் விஷயம்," என்றார் கொக்கு. "குடைக்காரன் வெச்சிருந்தா விரிச்சுக் காயப் போட்டிருப்பான். கைப்பிடிக்கே டேப் சுத்திக் காப்பாத்தினவன் அவன். சொட்டச் சொட்டச் சுருட்டி, இந்த வீட்டுக் குடைங்களோட குடையா ஒளிச்சு வெச்சது வேற யாரோ. நீங்க வெக்கலை. இப்பத்தான் முதல்தடவை பார்க்கறீங்க, உங்க முகத்துலயே தெரியுது. அப்ப அன்னிக்கு இந்த வீட்டுல மூணாவதா ஒரு ஆள் இருந்திருக்காரு. யார் அது?"

கண்ணாடிக்காரர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைக் காட்டினார்.

"போங்க."

"எங்களைத் துரத்தறது சுலபம். கேள்வி இங்கேயேதான் உக்காந்திருக்கும்."

"போங்கன்னு சொன்னேன்!"

* * *

"கொல்ல வந்தவன் இல்லைன்னா எதுக்கு வந்தான்?" என்று தெருவில் கேட்டாள் பட்டாசு.

"மெக்கானிக் ஸ்பேனரோட ஒரு வீட்டுக்கு எதுக்குப் போவான்? யாரோ ரிப்பேருக்குக் கூப்பிட்டாத்தான்."

லிஃப்ட் சர்வீஸ் அலுவலகம் ஒரே அறை. மூன்று தொலைபேசிகளுக்கு நடுவில் ஒரு பெண். புகார்களை வாங்கி மெக்கானிக்குகளை அனுப்புவது அவள் வேலை. ஒரு காதில் ஒருவரைச் சமாதானம் செய்தபடியே இவர்களை உட்காரச் சொன்னாள்.

"இல்லைங்க, லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குதுன்னா நீங்க நாலாவது மாடிக்குப் போங்கன்னு அர்த்தம் இல்லைங்க… ஆள் வர்றார்ங்க." போனை வைத்தாள். "சொல்லுங்க."

செத்துப்போனவனைப் பற்றி என்றதும் அவள் முகம் மாறியது. அடுத்த மணி அடித்தது. எடுக்கவில்லை.

"அன்னிக்கு ஒரு கால் வந்துச்சு. கண்ணாடிக் கடையில ஷட்டர் மோட்டார் மாட்டிக்கிச்சு, பெரிய ஸ்பேனரோட அனுப்புங்க, அவனையே அனுப்புங்கன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பொண்ணைப் பறிகொடுத்த வீடாச்சே! போகாதேன்னு சொன்னேன். அவன்தான், 'அவரு கூப்பிட்டு விட்டாருன்னா பேசத் தயாரா இருக்காருன்னு அர்த்தம், நானும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னு கிளம்பிட்டான்."

"என்ன சொல்லணுமாம்?"

"அந்த லிஃப்ட் கயிறு நைஞ்சிருக்குன்னு அவன்தான் கண்டுபிடிச்சு, நிறுத்திட்டு 'ஓடாது'ன்னு போர்டு மாட்டினான். மறுநாள் போர்டு இல்லை. லிஃப்ட் ஓடிச்சு. குழந்தை ஏறிடுச்சு. கோர்ட்டுல சொன்னான், போர்டைக் கழட்டினது யாருன்னு காட்ட முடியலை. அப்புறம் ஒரு நாள் அந்தக் கட்டடத்துல வேலையை விட்டு நின்ன வாட்ச்மேன் இவனைப் பார்த்து அழுதிருக்கார். கழட்டச் சொன்னது பெரியவராம். மேல் மாடிக்குக் குடிவர்றவங்க சாமான் ஏத்தணும்னாராம்."



"இதை உங்க ஆள் யார்கிட்ட சொன்னான்?" என்றார் கொக்கு.

"அதான் சார் அவனோட முட்டாள்தனம். நேரா பெரியவர்கிட்டயே போய், 'உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, இல்லேன்னா நான் சொல்ற மாதிரி ஆயிடும்'னு சொல்லிட்டு வந்திருக்கான். பெரிய மனுஷனுக்கு ஒரு வாய்ப்பு குடுத்தானாம்!"

"ரிப்பேருக்குக் கூப்பிட்ட குரல்?"

"அது எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். ஏதாவது நின்னுபோனா எங்களைத் திட்டற குரல் அது. பெரியவரே பேசினார்."

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் தலை குனிந்தாள். "யாரும் கேக்கலை சார்."

வெளியே வந்ததும் பட்டாசு நின்றாள். "தம்பியோட ஆத்திரத்தை எடுத்து, அண்ணன் சுட்டிருக்கார். சார், இந்த ஆளுக்குத் துப்பாக்கியே தேவைப்படலை!"

* * *

கண்ணாடிக்காரர் மறுபடி விரட்டவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜைமேல் கையூன்றி நின்றிருந்தார். அவர்களுக்காகவே காத்திருந்ததுபோல் தோன்றியது.

கொக்கு சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். போர்டு, வாட்ச்மேன், தொலைபேசிக் குரல். சொல்லி முடிக்கும்போது கண்ணாடிக்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"பொய்," என்றார். "என் பொண்ணை அவர் தோள்ல தூக்கி வளர்த்தவரு."

"அன்னிக்கு மெக்கானிக் வர்றான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் பார்வை மேஜைக்கு இறங்கியது. "அண்ணன். போன் பண்ணினார். 'கோர்ட்டுல தப்பிச்ச திமிர்ல உன்னையும் முடிக்க வர்றான், துப்பாக்கியை எடுத்து வெச்சுக்கோ, வீட்டுக்குள்ள கால் வெச்சான்னா சட்டம் உன் பக்கம்'னார். துப்பாக்கி வாங்கச் சொன்னதும் அவர்தான். சுட்ட சத்தம் கேட்டு மேல மாடியில அவர் வீட்டுலருந்து ஓடி வந்தார். போலீஸ்ல என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்தார். நான் அப்ப ஒரு நிலையில இல்லை."

பாதி ஷட்டருக்குக் கீழே பளபளக்கும் இரண்டு ஷூக்கள் தெரிந்தன. குனிந்து உள்ளே வந்தவர் பெரியவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கைக்குட்டையால் மேஜை ஓரத்துத் தூசியைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, கடையில கூட்டம்?"

கண்ணாடிக்காரர் வாய் திறப்பதற்குள் பட்டாசு முந்திக்கொண்டாள். "வீட்டைச் சுத்தம் பண்ண ஆள் தேடறோம்ங்க. அன்னிக்கு அந்த மெக்கானிக் குடையோட வந்து கூடம் முழுக்கத் தண்ணி சொட்டியிருக்கான். சேறும் சகதியுமா, தரையெல்லாம் கறை. இந்த வீட்டுல யாருமே சுத்தம் பார்க்க மாட்டாங்க போல!"

"யாரும்மா சொன்னது?" பெரியவருக்குச் சுருக்கென்றது. "கூடத்துல ஒரு சொட்டு விழலை. வாசல்லயே அவன் கையிலருந்து வாங்கி…"

நின்றார்.

வாசல்லயே. அவன் கையிலருந்து. சொன்ன வார்த்தைகளைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"சத்தம் கேட்டு மேல இருந்து ஓடி வந்தீங்கன்னு சொன்னாங்க," என்றார் கொக்கு மெதுவாக. "அவன் உயிரோட இருக்கும்போதே கையிலருந்து குடையை வாங்கியிருக்கீங்க. கதவைத் திறந்துவிட்டதும் நீங்கதான். 'உள்ளே போ, தம்பி காத்திருக்கான்'னு அனுப்பிவெச்சதும் நீங்கதான். இல்லையா?"

"தம்பி, இவங்க பேச்சைக் கேட்காதே. நான் செஞ்சதெல்லாம் உனக்காக."

"அண்ணா." கண்ணாடிக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "லிஃப்ட்ல மாட்டின போர்டைக் கழட்டச் சொன்னது யாரு?"

"அது… ஒரே ஒரு நாள்தான். குழந்தை அதுல ஏறும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்காரர் மேஜையிலிருந்து கையை எடுத்தபோது, சற்று முன் அறுத்த நீளத் துண்டு ஒன்று அவர் பிடியில் இருந்தது. விளிம்பு உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் வழிந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"பெரியப்பா பெரியப்பான்னு உன் பின்னாலயே சுத்துவாளேடா! அவ பாடையில முன் பக்கத்தைத் தூக்கினவன் நீ! தூக்கும்போது உனக்குக் கை கூசலையா?"

பெரியவர் கண்ணாடிச் சட்டத்தில் முதுகு இடிக்கப் பின்வாங்கினார். பட்டாசு குறுக்கே பாய, கொக்கு அவளைத் தடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"குத்துங்க. நான் பிடிக்க மாட்டேன். ஒரே நிமிஷத்துல முடிஞ்சுடும். அவர் பண்ணின எதையும் யார்கிட்டயும் ஒத்துக்காம, 'பாவம், பைத்தியம் பிடிச்ச தம்பி கையால செத்தார்'னு நல்ல பேரோட போய்ச் சேருவார். நாலு பேர் அழுவாங்க. அதான் வேணுமா?"

கண்ணாடிக்காரரின் ஓங்கிய கை இறங்கவில்லை.

"வேற வழி?"

"இருக்கு. ஆனா அதுல உங்களுக்கும் வெட்டு விழும்." கொக்கு ஒரு அடி கிட்டே வந்தார். "'திடீர்னு புகுந்தான்'ங்கற உங்க வாக்குமூலம் இருக்கிற வரைக்கும், அதுல உங்க அண்ணனே கிடையாது. அவர் போன் பண்ணினது, சொல்லிக் குடுத்தது, இதுக்கெல்லாம் ஒரே சாட்சி நீங்கதான். அதைச் சொன்னீங்கன்னா முதல் வாக்குமூலம் பொய்னு ஆகும். உங்க தற்காப்பு ஆட்டம் காணும். உங்களைக் காப்பாத்தற அதே சுவர்தான் அவரையும் காப்பாத்துது. ரெண்டுல ஒண்ணு நீங்கதான் முடிவு பண்ணணும். வக்கீல்கிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"தம்பி, உளறிடாதே! உன்னையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளுவாங்க!" என்று கத்தினார் பெரியவர்.

கண்ணாடிக்காரர் அவரையே பார்த்தார். கண்ணீர் இல்லை. முகத்தில் ஏதோ ஒரு கணக்கு நேராகிவிட்ட தெளிவு. கையிலிருந்த துண்டைத் தரையில் போட்டார். அது சில்லுச் சில்லாய்ச் சிதறியது.

"சாகடிச்சா உனக்கு ஒரு தடவைதான் வலிக்கும்," என்றார். "அது போதாது."

* * *

காவல் நிலையத்தில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரரின் கையில் கட்டு. பக்கத்தில் கொக்கு ஏற்பாடு செய்த வக்கீல், எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்காத கட்சிக்காரரை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் பெரியவர். வாட்ச்மேனை அழைத்து வர ஆள் போயிருந்தது.

சுவரோரத்து பெஞ்சில் டிரைவரம்மா. கொக்கு போன் செய்ததும், பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். கண்ணாடிக்காரரை அவள் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்க அண்ணன் பத்திச் சொன்னது போதும். சுட்ட நேரத்தைப் பத்தி நீங்க சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்ல வேண்டாம். 'அண்ணன் பயமுறுத்தினார், ஸ்பேனரைப் பார்த்ததும் பயத்துல சுட்டேன்'னா, இப்பவும் தற்காப்புக்கு ஒரு வழி இருக்கு. தப்பான பயமா இருந்தாலும் உண்மையான பயம்னு கோர்ட் ஏத்துக்கலாம்."

"அதைத்தான் நானும் தலையால அடிச்சுக்கறேன்," என்றார் வக்கீல்.

"எழுதுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"சார்…"

"எழுதுங்க. நடுவுல பொய் கலந்தா, என் அண்ணன் அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்துடுவான். அவனுக்கு நூலளவு இடம்கூட விட மாட்டேன்." பெஞ்சின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவைப் பார்த்தே சொன்னார். "உங்க தம்பி கூடத்துக்குள்ள வந்தான். என் கையில துப்பாக்கியைப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வெச்சான். போடலை, குனிஞ்சு மெதுவா வெச்சான். ரெண்டு கையையும் தூக்கினான். அதுல ஒண்ணுமே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அவனால எனக்கு ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சுது."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"'ஐயா, உங்க பொண்ணு விஷயமா'ன்னு ஆரம்பிச்சான். அந்த வாயிலருந்து என் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னு நினைச்சேன். சுட்டேன். அப்புறம் ஸ்பேனரை எடுத்து அவன் கையில வெச்சது என் அண்ணன். அது தற்காப்பு இல்லைங்க. எனக்குப் பழி தீர்க்கணும். தீர்த்தேன். தப்பான ஆள்கிட்ட."

இன்ஸ்பெக்டர் மறுபடி பேனாவைத் திறந்து எழுதி முடித்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பட்டாசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து டிரைவரம்மாவின் முன்னால் போய் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை," என்றார்.

"கேட்காதே. தர மாட்டேன்." அவள் குரல் இப்போது கத்தவில்லை. "என்னைக்குச் சொல்ல வந்தானோ அன்னைக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நீ காது குடுத்திருந்தா அவன் இருந்திருப்பான். அதை நினைச்சு நினைச்சு நீ உள்ளே கிடக்கணும்."

"கிடப்பேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் பெரியவரை அழைத்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் அவர் கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டிரைவரம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். பிறகு கண்ணாடிக்காரரிடம் சொன்னாள்.

"கோர்ட்டுல இதை நீ மறுபடி சொல்லணும். ஒரு வார்த்தை விடாம. லீவு போட்டுட்டு முதல் வரிசையில வந்து உக்காருவேன். நீ சொல்லும்போது உன்னைப் பார்க்க மாட்டேன். இந்த ஆளோட மூஞ்சியைத்தான் பார்ப்பேன்."

"வாங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர். "நானும் அதைப் பார்க்கத்தான் வர்றேன்."